கொம்பு ஸ்ரைக்கர்

பெரியகடைக் கடைக்காரர் தகரப் பேணியை மேசையில் கவிழ்த்தார். ஏழெட்டு ஸ்ரைக்கர் உருண்டு வந்தன. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயுமே போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் வர வழியில்லாமல் கிடந்த நேரத்தில், கரம் போட்டில் காய் அடித்து விளையாட இத்தனை ஸ்ரைக்கர் ஒரு பேணிக்குள் இருந்ததே பெரிய காரியம். யோசப்பின் மற்றதெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தடித்ததை எடுத்து மச்சாள் மக்டலீனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை எடு. பாரமானது. பவுடர் இல்லாத போட்டிலை மெல்லிசு ஓடாது."

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். மக்டலீன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் யோசப்பின். புருசனின் தங்கச்சி என்று பார்க்காமல் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னியதும் யோசப்பின்தான், கரம் பழக்கியதும் யோசப்பின்தான், கலியாணச் சேலைக்கு நிறம் பார்த்ததும் யோசப்பின்தான். ஒரு ஸ்ரைக்கர் எடுத்துக் கொடுக்க அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

ஆனால் அன்று மக்டலீன் தனியாக வரவில்லை. பக்கத்தில் பூரணம் நின்றாள். அளவெட்டிப் பக்கத்திலிருந்து ஷெல்லடிக்கு இடம்பெயர்ந்து, கத்தோலிக்க மீனவர் ஊரான குருநகரில் லூர்த்தம்மா வீட்டுப் பின்னறையில் வந்து இருக்கிற சைவக் குடும்பம். புருசன் பட்டினத்தில் கிளாக்கர். வலை காயப் போட்டிருக்கிற ஒழுங்கைக்குள் மரக்கறிச் சட்டியோடு குடியிருந்தும் அவள் ஒரு நாள் மூக்கைச் சுளித்ததில்லை, வந்த அன்றே மக்டலீன் வீட்டில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள் என்று ஊரே அவளை மெச்சியது. மூக்கைச் சுளிக்காமல் இருப்பது என்ன பெரிய வித்தையா என்று யோசப்பின் நினைத்தாள்.

"ஒருக்கா அடிச்சுக் காட்டும் பாப்பம்," என்றாள் பூரணம்.

காட்டும். யோசப்பினுக்குச் சுருக்கென்றது. போன கிழமைவரை இரண்டு பேரும் 'நீங்கள்' போட்டுக் கதைத்தவர்கள். இந்த 'நீர்' எப்போது வந்தது? மக்டலீன் யோசப்பினை 'நீங்கள்' என்பாள், யோசப்பின் அவளை 'நீ' என்பாள். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் அதுதான் முறை. 'நீர்' என்பது ஒத்த வயதுச் சினேகிதிகளுக்குள் புழங்குகிற சொல். தலைகீழாக நின்றாலும் யோசப்பின் அந்தச் சொல்லுக்குள் நுழைய முடியாது.

மக்டலீன் தடித்த ஸ்ரைக்கரை மேசையில் வைத்துச் சுண்டினாள். அது அரைவாசித் தூரம் போய் நின்றது. பூரணம் அவளுடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் நகத்தாலை தட்டுறனீர். தள்ளி அடிக்கிற கையில்லை உம்மடை கை. காயின்ரை ஓரத்திலை பட்டும் படாமலும் வெட்டுறதுதான் உம்மடை விளையாட்டு. அதுக்குப் பாரம் என்னத்துக்கு? இந்த மெல்லிசைப் பாரும். ஓரமும் நல்ல உருட்டு."

மக்டலீன் மெல்லியதைச் சுண்டினாள். அது மேசையின் மறு அந்தத்துக்குப் போய்க் கடைக்காரரின் தராசுத் தட்டில் மோதியது. மக்டலீன் சிரித்தாள். சின்ன வயதில் முதல் தடவையாகச் சிவப்புக் காயைப் போட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

"மச்சாள், இது எனக்கு நல்லாய் வருது."

"வந்தால் எடு. எனக்கென்ன." யோசப்பின் தடித்ததைத் தூக்கித் தன் பைக்குள் போட்டாள். "இதை நான் எடுக்கிறன்."

அவளிடம் ஸ்ரைக்கர் இல்லாமல் இல்லை. ஊரில் ஒருவரிடமும் இல்லாத ஸ்ரைக்கர் அவளிடம் இருந்தது. கலியாணம் பேசி முடிந்த காலத்தில் புருசன் அடைக்கலநாதன் தன் கையால் உரைஞ்சு உரைஞ்சு செய்து கொடுத்தது. வெண்ணெய் நிறம், நல்ல பாரம், சுற்றிவர மழமழப்பு. பார்ப்பதற்கு ஆனைக்கொம்பு போல இருந்ததால் ஒழுங்கை முழுக்க அதைக் 'கொம்பு ஸ்ரைக்கர்' என்றே சொன்னார்கள். உண்மையில் அது வலையில் மாட்டிச் செத்த கடற்பன்றி என்கிற கடல் மிருகத்தின் விலா எலும்பு. கடற்கரை ஆட்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். எலும்போ கொம்போ, நன்றாக ஓடினால் சரி என்று விட்டுவிடுவார்கள்.

திருநாளுக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் மாதர் சங்கம் வைக்கிற கரம் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற நாள் வந்தது. சங்கத் தலைவி லூர்த்தம்மா. வருசா வருசம் அவள் கேட்காமலே 'யோசப்பின் – மக்டலீன்' என்று எழுதிவிடுவாள். அன்று காலையில் மக்டலீன் வேலிக் கரையில் வந்து நின்று, கிடுகு ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்க்கிற விதத்திலேயே ஏதோ வரப்போகிறது என்று யோசப்பினுக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சாள், கோவிக்கக் கூடாது. இந்த முறை நான் பூரணத்தோடை சேரட்டோ? அவவுக்கு இஞ்சை வேறை ஆரையும் தெரியாது."

"சேரன். அதுக்கேன் என்னட்டைக் கேக்கிறாய்?"

"கோவமில்லையே?"

"எனக்கென்ன கோவம்."

கோபம் இல்லைதான். கோபம் வந்து போகிற சாமான். இது வந்து குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது.  கரத்தில் சோடிகள் எதிரும் புதிருமாக இருப்பார்கள். இத்தனை வருசமாக மக்டலீனின் முகத்துக்கு நேரே இருந்து விளையாடியவள் அவள். மக்டலீன் இடப்பக்கத்துப் புருவத்தை உயர்த்தினால் 'சிவப்புக்குப் போங்கோ' என்று அர்த்தம். உதட்டை மடித்தால் 'விடுங்கோ, நான் பாக்கிறன்' என்று அர்த்தம். இனி அந்தப் புருவமும் உதடும் பூரணத்துக்கு.

பெட்டகத்தைத் திறந்தாள். உள்ளே உறை பிரிக்காத ஒரு வாசனைச் சவர்க்காரம் இருந்தது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்க்கிற அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. திருநாளுக்கு மக்டலீனுக்குக் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் கொம்பு ஸ்ரைக்கர் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

பின்னேரம் தண்ணி அள்ளப் பூரணம் வந்தாள். அந்த ஒழுங்கையில் உப்பில்லாத கிணறு யோசப்பினின் வளவில்தான் இருந்தது.

"உங்களிட்டை ஸ்ரைக்கர் இருக்கோ?" என்று யோசப்பின் கேட்டாள்.

"இல்லையக்கா. என்ரை, விட்டிட்டு வந்த வீட்டு யன்னல் விளிம்பிலை கிடக்கு. மக்டலீன்ரையாலைதான் அடிக்கவேணும். அது எனக்குச் சரிவராது. நான் பாரத்திலை பழகினனான்."

"இதைப் பிடியுங்கோ."

பூரணம் வாளியை வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல் நுனியில் வைத்துப் பாரம் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆனைக்கொம்போ அக்கா?"

யோசப்பின் கிணற்றுப் பக்கம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "எல்லாரும் கொம்பு ஸ்ரைக்கர் எண்டுதான் சொல்லுறவை."

பூரணம் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். சாமிப் படத்தை ஒற்றிக்கொள்வது போல.

யோசப்பினின் கணக்கு இதுதான். வெங்காயத்தைக்கூட விரத நாளில் விலக்குகிறவள் பூரணம். தன் விரலில் இருப்பது எலும்பு, அதுவும் பேரிலேயே பன்றி இருக்கிற ஒன்றின் எலும்பு என்று தெரிந்தால் துள்ளிக் குதிப்பாள். வீசி எறிவாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அதை மக்டலீன் பார்க்க வேண்டும். 'உன்ரை அண்ணன் செய்த சாமானைத் தொட்டதுக்கே இப்படித் துள்ளுறவ, உன்னோடை என்ன சினேகிதம்?' என்று யோசப்பின் வாய் திறந்து சொல்லத் தேவையே இருக்காது. ஆனால் அதற்கு நாள் இருக்கிறது. சபை கூட வேண்டும்.

"கொம்பு ஸ்ரைக்கரை ஏன் குடுத்தனீ?" என்று அடைக்கலநாதன் கேட்டான். "ஒருத்தரையும் தொட விடமாட்டாயே."

"பாவம், அகதியாய் வந்தவ."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அதன்பிறகு மக்டலீன் வீட்டு விறாந்தையில் ஒவ்வொரு பின்னேரமும் காய் குழியில் விழுகிற சத்தம் கேட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் யோசப்பின் தேங்காய் துருவினாள், மீன் வெட்டினாள், வெட்டின மீனைத் திரும்பவும் கழுவினாள். கொம்பு ஸ்ரைக்கரின் சத்தம் அவளுக்குத் தனியாகத் தெரியும். தன் கையில் இருந்தபோது அது அவ்வளவு சுத்தமாக ஒலித்ததில்லை. அந்த உண்மை அவளைப் போட்டு வாட்டியது. பூரணம் மக்டலீனைத்தான் கொண்டுபோனாள் என்றால், அடைக்கலநாதன் செய்த ஸ்ரைக்கரும் அவளுடைய கைக்கென்றே செய்தது போலப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

போட்டி நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. யோசப்பின் தனக்குச் சோடியாக லூர்த்தம்மாவையே பிடித்திருந்தாள். லூர்த்தம்மாவின் விளையாட்டில் நுணுக்கம் கிடையாது. ஓங்கி அடிப்பாள், ஏதாவது விழும். கடையில் எடுத்த தடித்த ஸ்ரைக்கர் யோசப்பினின் விரலை நோகப் பண்ணியது. ஓரம் கூர். இருந்தாலும் வன்மத்தோடு விளையாடினாள். வன்மத்துக்கும் ஒரு குறி உண்டு. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு சோடிகளும் வந்து சேர்ந்தன.

பழைய வாங்குப் பலகையின் மேல் கரம் போட்டை வைத்து நாலு பேரும் இருந்தார்கள். மக்டலீன் இப்போது யோசப்பினுக்குப் பக்கவாட்டில். முகம் தெரியவில்லை, ஒரு காதும் தோடும்தான் தெரிந்தன. அந்தப் புருவம் உயர்வது பூரணத்தின் முகத்தில் தெரிந்தது. மக்டலீன் இங்கே ஏதோ காட்ட, பூரணம் அங்கே மெல்லத் தலையாட்டினாள். 

கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு காய் மிஞ்சியது. யோசப்பினின் கறுப்புக் குழி வாயிலேயே நின்றது, ஊதினாலும் விழும். பூரணம் தவறவிட்டால் அடுத்த கை யோசப்பினுடையது. பூரணத்தின் வெள்ளையோ அவளுடைய பக்கத்து ஓரக் கட்டையோடு ஒட்டிக் கிடந்தது. எதிர்க் கட்டையில் அடித்து ஸ்ரைக்கரைத் திருப்பி எடுத்தால் ஒழிய அதைத் தொட முடியாது. பவுடர் என்ற பேரில் சோக்குத் தூள் தூவிய போட்டில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருகிற பாரம் கொம்பு ஸ்ரைக்கருக்கு மட்டும்தான் இருந்தது.

பூரணம் அதைக் கண்ணில் ஒற்றினாள்.

"உது ஆனைக்கொம்பில்லை," என்றாள் யோசப்பின்.

மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. பூரணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடற்பன்றியின்ரை எலும்பு. இத்தனை நாளும் நீங்கள் கண்ணிலை ஒத்தினது அதைத்தான்."

பூரணத்தின் கை அப்படியே நின்றது. முகத்தில் இருந்த திருநீறும் முகமும் ஒரே நிறமாயின.

"பன்றியோ?"

"சீச்சீ, பன்றியில்லை பிள்ளை," என்று லூர்த்தம்மா ஆறுதல் சொல்லப் புறப்பட்டாள். "பேர்தான் பன்றி. குட்டிக்குப் பால் குடுக்கிற சாதி. இறைச்சியெண்டால் நல்ல ருசி."

பின்னுக்கு யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யோசப்பின் பூரணத்தைப் பார்க்கவில்லை. மக்டலீனைப் பார்த்தாள். இப்போதாவது அந்த முகம் தன் பக்கம் திரும்பும் என்று பார்த்தாள். திரும்பியது.

"மச்சாள், நீங்கள் எலும்பெண்டு சொல்லித்தான் குடுத்தனீங்கள் எண்டு நினைச்சன்," என்றாள் மக்டலீன். சத்தம் போடவில்லை. அவள் குரலில் இருந்தது ஏமாற்றம் மட்டும்தான்.

பூரணம் ஸ்ரைக்கரைப் போட்டில் வைத்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள்.  யோசப்பின் காத்திருந்த நேரம் அதுதான். இனி எழும்புவாள், இனி ஓடுவாள்.

"அப்ப வீட்டை போய்த் தீட்டுப் போக முழுகவேணும்," என்றாள் பூரணம்.

 அவள் ஏதோ கணக்குப் பார்ப்பது போல நெற்றியைச் சுருக்கினாள்.

"முழுகிறதெண்டு ஆனாப் பிறகு, ஒரு அடி அடிச்சாலும் ஒரு முழுக்குத்தான், நூறு அடி அடிச்சாலும் ஒரு முழுக்குத்தான்." ஸ்ரைக்கரைத் திரும்ப எடுத்துக் கோட்டில் வைத்தாள். "மக்டலீன், நீர் காலை ஒருக்கா எடும். வாங்கு ஆடுது."

இந்த முறை கண்ணில் ஒற்றவில்லை. அடித்தாள். ஸ்ரைக்கர் எதிர்க் கட்டையில் முட்டி, திரும்பி வந்து, வெள்ளைக் காயை ஓரத்தோடு உருட்டிக்கொண்டு போய் மூலைக் குழிக்குள் தள்ளிவிட்டு நின்றது. மண்டபம் சிரித்துக் கைதட்டியது. கைதட்டியதைவிடச் சிரித்தது கூட. 'நூறு அடிக்கும் ஒரு முழுக்கு' என்ற பேச்சு அன்றே ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது.

பூரணம் கொம்பு ஸ்ரைக்கரைக் கொண்டுவந்து யோசப்பினின் கையில் வைத்தாள்.

"நல்ல சாமான் அக்கா. என்ரை கைக்கு இப்படி ஒண்டு பொருந்தினதில்லை. நீங்கள் சொல்லித் தந்திருந்தால் வாங்கியிருப்பனோ தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "வாங்கியிருக்க மாட்டன். ஆனா சொல்லியிருக்கலாம்."

யோசப்பின் வீட்டுக்கு வந்து படலையைச் சாத்திக்கொண்டு குசினிக்குள் இருந்தாள். சாத்தி என்ன பயன்? உப்பில்லாத கிணறு அவளுடைய வளவில் அல்லவா இருக்கிறது. சற்று நேரத்தில் கப்பி கிறீச்சிட்டது.

குசினி யன்னலால் பார்த்தாள். பூரணம் குறுக்குக்கட்டோடு கல்லில் குந்தியிருந்தாள். மக்டலீன் வாளி வாளியாக அள்ளி அவள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சைவப் பெண்ணின் தீட்டுக் கழிய வேதக்காரப் பெண் தண்ணி ஊற்றுகிறாள். அதில் உள்ள வேடிக்கை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். தண்ணியோடு சேர்ந்து சிரிப்பும் கொட்டியது. யோசப்பின் மூத்தவனைப் பெற்று எழும்பி முதன்முதல் முழுகியபோது இதே கல்லில் வைத்து இப்படி ஊற்றியவள் இந்த மக்டலீன்தான். வாளி தூக்க மாட்டாமல் தூக்கி, பாதியைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டு சிரித்தாள். பூரணத்தைத் துரத்தத்தான் யோசப்பின் அத்தனையும் செய்தாள். தானே கையைப் பிடித்துக் கொண்டுவந்து தன் கிணற்றடியில் இருத்தியதாக அது முடிந்துவிட்டது.

"மச்சாள்," என்று மக்டலீன் கூப்பிட்டாள்.

கூப்பிட்டாளே. யோசப்பின் ஓட்டமாகப் போய்க் குசினி வாசலில் நின்றாள்.

"பெட்டகத்துக்குள்ளை எனக்கெண்டு ஒரு சவர்க்காரம் வைச்சிருக்கிறீங்கள் எல்லோ. அதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பெட்டகத்துக்கு முன்னால் குந்தியிருந்து, அரைவாசியாக வெட்டிக் கொடுப்போமா என்றுகூட நினைத்துப் பார்த்தாள். வெட்டினால் மக்டலீனுக்கு விளங்கிவிடும். முழுக்கட்டியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், உறையைத் தானே பிரித்து நீட்டினாள். மக்டலீன் அதை வாங்கி ஒரு தரம் மூக்கில் வைத்து மணந்துவிட்டு, பூரணத்தின் ஈரத் தலையில் தேய்க்கத் தொடங்கினாள்.

"கண்ணை இறுக்கி மூடும்," என்றாள் அவளிடம். "பட்டால் எரியும்."

சவர்க்காரம் படாமலே யோசப்பினுக்குக் கண் எரிந்தது.